0303 என்று எழுதியிருந்த மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளோடு வர்த்தகப் பேச்சுவார்த்தை நடத்தத் தெரிந்த ஆட்கள் நம் நாட்டில் போதாது, இருக்கிற அதிகாரிகளையாவது ஜெனீவாவுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சென்ற ஞாயிறு உங்கள் தலையங்கம் சொன்னது. முதற் பாதி முழுக்கச் சரி. மற்றப் பாதியோடுதான் எனக்கு வழக்கு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டுங்கள். 0303 வருகிற பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். வயது 67. 31 வருடம் உயர்தர வகுப்புக்குப் பொருளியலும் கணக்கீடும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். 'சர்வதேச வர்த்தகம்' என்ற அலகை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரித்தான் தொடங்குவேன். பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ, 1817. இங்கிலாந்து, போர்த்துக்கல். துணி, வைன். இங்கிலாந்தில் துணிக்கு 100 பேருடைய உழைப்பு, வைனுக்கு 120. போர்த்துக்கலில் துணிக்கு 90, வைனுக்கு 80. போர்த்துக்கல் இரண்டையுமே குறைந்த உழைப்பில் செய்யும். ஆனாலும் வைனோடு நின்றுகொண்டு துணியை இங்கிலாந்திடம் வாங்கினால்தான் இரண்டு பேருக்கும் இலாபம். கரும்பலகையில் கட்டம், பிள்ளைகளின் கொப்பியில் கட்டம், பரீட்சையில் முழுப்புள்ளி. வைன் என்றால் என்ன சேர் என்று ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டது. கள்ளு மாதிரி என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அந்த வைனும் துணியும் தாமாக நடந்துபோய்ச் சந்தையில் நிற்கவில்லை என்பதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் வாசித்து அறிந்தேன். 1703 இல் ஜோன் மெத்துவன் என்ற ஆங்கிலேயத் தூதர் லிஸ்பனில் ஓர் உடன்படிக்கையை முடித்திருக்கிறார். மூன்றே மூன்று உறுப்புரைகள். இங்கிலாந்தின் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் உள்ளே விடும். பதிலுக்குப் போர்த்துக்கல் வைனுக்கு, பிரெஞ்சு வைனுக்கு அறவிடுவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தீர்வையை, அதாவது இறக்குமதி வரியை, இங்கிலாந்து அறவிடும். ரிக்கார்டோ தன் உதாரணத்தை எழுதியது அதற்கு 114 வருடம் கழித்து, அதே இரண்டு நாட்டையும் அதே இரண்டு சரக்கையும் வைத்து. நான் 31 வருடம் போட்ட கட்டத்துக்கு முன்னால் ஒரு மேசை இருந்திருக்கிறது, அதைச் சுற்றி ஆட்கள் இருந்து கதைத்திருக்கிறார்கள். அந்த மேசையைப் பற்றி நான் ஒரு நாளும் படிப்பிக்கவில்லை. பாடத்திட்டத்திலும் இல்லை, எனக்கும் தெரியாது.

தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 2019 இல் என் வீட்டு விறாந்தையில் ரியூசனுக்கு வந்த பிள்ளைகள் 18 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒன்பது பேர் இலங்கை, ஒன்பது பேர் அயல்நாடு. ஒவ்வொரு குழுவுக்கும் 20 சரக்குகள் கொண்ட பட்டியல். எட்டைத் தீர்வையில்லாமல் திறந்துவிட வேண்டும், பன்னிரண்டைக் காப்பாற்றலாம். பட்டியலில் சரக்கின் பெயர் இல்லை, சுங்கம் அதற்கு வைத்திருக்கிற நான்கு இலக்க எண் மட்டும். சுங்கத் தீர்வைப் புத்தகத்தில் நாலைந்து அத்தியாயங்களைப் பிரதி எடுத்து மூலையில் ஸ்டூலில் வைத்திருந்தேன். எழும்பிப் போய்ப் பார்க்கத் தடை இல்லை என்றும் சொன்னேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஒரேயொரு பொடியன் போனான். 1006 என்றால் நெல்லும் அரிசியும் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து, இதைக் குடுக்க விடமாட்டன் என்று சண்டை பிடித்துக் காப்பாற்றினான். வயல்காரர் வீட்டுப் பிள்ளை.

மற்ற எண்கள் எல்லாம் ஏலத்தில் போன மாதிரிப் போயின. 40 நிமிடத்தில் உடன்படிக்கை முடிந்தது. கையெழுத்துப் போட்டார்கள், கை குலுக்கினார்கள், ஒருவன் கைபேசியில் படமும் எடுத்தான். பிறகு நான் எண்களுக்கு நேரே பெயர்களை எழுதத் தொடங்கினேன். 0801, தேங்காயும் கஜுவும். காப்பாற்றியிருந்தார்கள், தற்செயலாக. 0303, உறைய வைத்த மீன். கொடுத்துவிட்டிருந்தார்கள். இலங்கைக் குழுவில் இருந்த ஒன்பது பேரில் நாலு பேருடைய தகப்பன்மார் கடலுக்குப் போகிறவர்கள். குழுவின் செயலாளர் பெரியகல்லாற்றுப் பிள்ளை. விட்டுக்கொடுக்கும் பட்டியலில் முதல் வரியாக 0303 என்று தன் கையாலேயே வடிவாக எழுதியிருந்தது.

"மீன் எண்டு எழுதியிருந்தா நாங்க குடுத்திருப்பமா சேர்?" என்று கேட்டது. கோபத்தோடுதான் கேட்டது.

"அந்த மேசையில மீன் எண்டு ஒருத்தரும் எழுதித் தர மாட்டாங்க மனே" என்றேன்.

அந்தப் பிள்ளை இப்போது கணக்காளர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. எங்கே கண்டாலும் "0303" என்றுதான் எனக்கு வணக்கம் சொல்லும்.

இந்த எண்களுக்கு எச்.எஸ். குறியீடு என்று பெயர். உலக சுங்க அமைப்பு உருவாக்கி 1988 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நாலு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உபதலைப்பு. ஆறு இலக்கத்தில் 5,000க்கு மேல் வகைகள். அதுவரை உலகம் முழுக்க ஒன்றுதான்; அதற்குக் கீழே ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு மேலும் பிரித்துக்கொள்ளலாம். இரு நாடுகள் சரக்கு வர்த்தகத்தைப் பற்றிப் பேசுகிறபோது பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு மேலேதான் பேச்சு. எதை இன்றே திறப்பது, எதைப் பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது, எதைத் தொடவே விடாமல் வைத்திருப்பது. மேசையில் இருக்கிற அதிகாரிக்கு ஆங்கிலம், சட்டம், பொருளியல் மூன்றும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றை ஜெனீவாவில் படிக்கலாம். 0303க்குள் யாருடைய வயிறு இருக்கிறது என்பதை அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

நான் சொல்வதை விளங்கப்படுத்த மருதமுனைக்குப் போக வேண்டும். களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி, கல்லாற்றுப் பாலங்களைத் தாண்டி, பெரியநீலாவணையில் மாவட்டம் மாறினால் அடுத்த ஊர். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே ஆறு தறி வைத்திருக்கிறார். இடுப்பில் உடுக்கிற சாறன், சாரி, மேசை விரிப்பு. நான் போன நேரம் அவருடைய உம்மா வாசல்படியில் இருந்து ராட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. மிதியும் நாடாவும் சேர்ந்து போடுகிற அந்தச் சத்தத்தில் கதைப்பதென்றால் கத்தித்தான் கதைக்க வேண்டும்.

"உங்கட சாறனுக்கு எண் என்ன?" என்று கேட்டேன்.

"எந்த எண் சேர்? அளவா?"

தீர்வைப் புத்தகத்தின் 52ஆம் அத்தியாயத்தைக் கொண்டுபோயிருந்தேன். பருத்தித் துணி. பருத்தி 85 வீதமோ அதற்கு மேலோ இருந்து, ஒரு சதுர மீற்றர் 200 கிராமுக்கு மேற்படாவிட்டால் 5208, மேற்பட்டால் 5209. வெவ்வேறு நிற நூலால் நெய்ததா, சாதா நெசவா, 100 கிராமுக்குக் கூடவா குறைவா என்று உள்ளுக்குள் இன்னும் பிரிவு. நூல் நிறுக்கிற எலெக்ட்ரோனிக் தராசு மேசையில் இருந்தது. துணி வெட்டுகிற மேசையில் மீற்றர் கோலை வைத்து, கழித்துப் போட்ட துண்டிலிருந்து சரியாக ஒரு சதுர மீற்றர் வெட்டி மடித்துத் தராசில் வைத்தார். 138 கிராம். நீலமும் வெள்ளையும், சாதா நெசவு, பருத்தி. 5208.42. தலைமுறையாகச் சாறன் நெய்த குடும்பம், அன்றைக்குத்தான் தங்கள் துணிக்கு உலகம் வைத்திருக்கிற பெயரைக் கேட்டார்கள். உம்மா ராட்டை நிறுத்திவிட்டு, "அதுல கைத்தறி எண்டு போட்டிருக்கா வாப்பா?" என்று மகனிடம் கேட்டார்.

அதுதான் கேள்வி. போட்டிருக்கவில்லை. 5208.42க்குள் மருதமுனைக் குழித்தறியும் ஒன்று, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மீற்றர் நெய்து தள்ளுகிற மின்தறி ஆலையும் ஒன்று. ஆறு இலக்கத்தில் அந்த எண்ணுக்குக் கை எது இயந்திரம் எது என்று தெரியாது. கைத்தறியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அதற்குக் கீழே எட்டு இலக்கத்தில் பிரிவு வேண்டும், அந்தப் பிரிவை மேசையில் தனியாக எடுத்துக் கதைக்க ஒருவர் வேண்டும். தறிக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது நின்று பார்க்காத ஒருவருக்கு அப்படியொரு பிரிவு தேவை என்ற நினைப்பு எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் அன்று தெரிய வந்தது. சாறன் துண்டாக இருக்கும்வரை அது 52ஆம் அத்தியாயத் துணி. இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிவிட்டால் அது 'ஆக்கப்பட்ட பொருள்', 52ஐ விட்டு வெளியே போய்விடும். உடுப்பு என்று கொண்டால் 62. ஒரு தையலில் அத்தியாயம் மாறுகிறது. இதிலென்ன என்று நினைப்பவர்கள் இந்தியாவோடு செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைப் பார்க்கட்டும். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் நம் துணிக்கு இந்தியா கொடுத்தது 25 வீதத் தீர்வைச் சலுகை. 61, 62ஆம் அத்தியாய உடுப்புகளுக்கு 50 வீதம், ஆனால் வருடத்துக்கு 80 இலட்சம் எண்ணிக்கைக்கு மட்டும். அதிலும் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். பிறகு தளர்த்தினார்கள் என்பது வேறு. அந்த நிபந்தனையை எழுதிய கை யாருடையதோ, அவருக்குத் தன் நாட்டுத் துணி ஆலைகளைத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நம் பக்கத்துக் கதிரையில் மருதமுனையையோ காத்தான்குடியையோ தெரிந்த ஒருவர் இருந்தாரா என்பதுதான் என் ஆதங்கம்.

எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கிற விதியையும் சொல்ல வேண்டும். மூல விதி என்பார்கள். மாணவருக்கு வருகிற நூல் இந்திய நூல். இங்கே நெய்கிறார்கள். அப்படியானால் சாறன் எந்த நாட்டுச் சரக்கு? இந்திய உடன்படிக்கையின்படி, கப்பலில் ஏற்றும் பெறுமதியில் 35 வீதம் இங்கே சேர்ந்திருக்க வேண்டும், நாலு இலக்கத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் என்றால் இங்கே 25 வீதம் சேர்ந்தாலும் போதும், இரண்டும் கூடி 35 வந்தால் சரி. இதெல்லாம் கணக்கீட்டு வகுப்பில் போடுகிற கிரயக் கணக்குத்தான். நூல் 5205 இலிருந்து துணி 5208 ஆகிவிட்டது, தலைப்பு மாறிவிட்டது. நூலும் சாயமும் 100 ரூபாவில் 45 என்று வைத்துக்கொண்டால்கூட மிகுதி நெசவுக்கூலியும் இலாபமும் உள்ளூர். கைத்தறிக்கு இந்த விதி சாதகமானது, ஏனென்றால் கைத்தறியின் பெறுமதி முழுக்கக் கையில்தான் இருக்கிறது. ஐரோப்பிய விதி வேறு மாதிரி. அங்கே வீதக் கணக்கைவிட, எந்த வேலை இங்கே நடந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். பருத்தித் துணிக்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வழிகளில் ஒன்று, நூலுக்குச் சாயம் ஏற்றி அதையே நெய்வது. மாணவர் வீட்டுப் பின்வளவில் சாயத் தொட்டி ஒன்று கிடக்கிறது. சாயம் போட்ட நூலையே வாங்குவது சுகம் என்று கைவிட்ட தொட்டி. அதில் அன்றைக்கு ஒரு கோழி அடை கிடந்தது.

தொட்டியைக் காட்டியபோதுதான் ஜேர்மனிக்கு அனுப்பிய பார்சல் கதையைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே கடை வைத்திருக்கிற நம்மவர் ஒருவர் மூட்டிய சாறன் கேட்டிருக்கிறார். முதல் ஓடர். பெறுமதி 4,000 யூரோவுக்கும் உள்ளே. கடதாசி வேலைகளை ஓர் ஏஜென்டிடம் கொடுத்திருக்கிறார். ஐரோப்பாவில் உடுப்புக்குச் சாதாரணத் தீர்வை 12 வீதம், வளர்முக நாடுகளுக்கு அவர்கள் கொடுக்கிற ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையில் போனால் ஒன்றுமில்லை. 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் ஏற்றுமதியாளர் ரெக்ஸ் என்ற இணையவழிப் பதிவு முறையில் பதிய வேண்டும். அதற்குட்பட்டதென்றால் பதிவும் வேண்டாம். இந்தச் சரக்கு இலங்கையில் உருவானது என்ற வாசகத்தை இன்வொய்ஸில் முறைப்படி எழுதினாலே போதும். ஏஜென்ட் அதை எழுதவில்லை. இவருக்கு அப்படியொரு வாசகம் உண்டென்றே தெரியாது. அங்கே கடைக்காரர் 12 வீதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த முறை காசு அனுப்பும்போது கழித்துக்கொண்டார். அடுத்த ஓடர் வரவேயில்லை. கொழும்பில் எத்தனையோ இரவுகள் விழித்திருந்து பேசி மீட்டெடுத்த சலுகை, மருதமுனையில் ஒரு வசனம் எழுதத் தெரியாமல் தொலைந்தது.

ஆகவே 'திறன்' என்று சொல்லும்போது மேசையில் இருப்பவரோடு நிறுத்த முடியாது. மேசையில் கிடைப்பதை எடுத்துப் பாவிக்கத் தெரிந்தவர்களும், மேசைக்குப் போகுமுன் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களும் இங்கே வேண்டும். பாகிஸ்தானோடு செய்த உடன்படிக்கை 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதில் நம் வெற்றிலைக்கு வருடம் 1,200 தொன் வரை தீர்வைச் சலுகை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. தேயிலை இருப்பது புதினமில்லை, 10,000 தொன், அதை யாரும் சொல்வார்கள். வெற்றிலையை யாரோ ஒருவர் நினைத்து, எத்தனை தொன் என்று கணக்குப் பார்த்து, வெட்கப்படாமல் மேசையில் வைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் ஒரு வாய் வெற்றிலை கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நம்மவர்கள் மேசையில் சோடை போனவர்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தபோது நாம் உலக வங்கியிடம் பயிற்சிக்குப் போயிருக்கவில்லை. கொரிய யுத்தகாலம், அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பர் விலை சரிந்துகொண்டு வருகிறது, சீனாவுக்கு இறப்பர் விற்காதே என்று அமெரிக்கா நிற்கிறது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவதாக ஐந்து வருட உடன்பாடு. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடவே கிடைத்தது. திரும்பத் திரும்பப் புதுப்பித்து முப்பது வருடம் ஓடியது. என்ன குறைகிறது, என்ன மிஞ்சுகிறது, மற்றவனுக்கு எது அவசரம் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு போன ஆட்கள் அவர்கள்.

சிங்கப்பூரோடு செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை இதோடு வைத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில் கையெழுத்து, மே முதலாம் திகதி நடைமுறை, அதற்குப் பிறகு அதே வருடம் அதை ஆராய்வதற்கு ஜனாதிபதி நிபுணர் குழு நியமித்தார். கலியாணம் முடிந்த பிறகு குறிப்புப் பார்த்த கதை. இந்தியாவோடு எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான பேச்சு 2016 இல் தொடங்கி, நின்று, 2023 இல் திரும்பத் தொடங்கியது. தாய்லாந்தோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2024 பெப்ரவரியில் கையெழுத்தானது. இவற்றில் எதற்காவது மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கூட்டம் வைத்து, இந்தப் பட்டியலில் உங்கள் சரக்கு எது என்று தமிழில் கேட்டதாக எனக்குத் தெரிந்த நெசவாளரோ, மீன் ஏற்றுமதிக்காரரோ, மில்காரரோ ஒருவரும் சொல்லவில்லை.

செயலமர்வு நடக்காமலில்லை. நானே ஒன்றுக்குப் போனேன். ஹோட்டல் மண்டபம், ஏசி, கோப்பு, பேனா, காலையில் ரோல்ஸ், பகல் சோறு. வளவாளர் நல்ல மனிதர், விடய ஞானம் உள்ளவர். ஆனால் 60 ஸ்லைட்டும் ஆங்கிலம், வந்திருந்த 40 பேரில் பாதிப்பேர் மாதர் சங்கத்துப் பெண்கள். பக்கத்தில் இருந்த அம்மா கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நம்மட அச்சாறு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். ஸ்லைட்டில் அச்சாறே இல்லை. வரவு இடாப்பில் மட்டும் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் நம் மீனுக்குத் தடை போட்டதை வாழைச்சேனைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்ற காரணம். 2012 இலேயே எச்சரித்துவிட்டார்கள். 2016 ஜூனில்தான் திரும்ப வழி திறந்தது. வழி திறந்தது பிரசெல்ஸில் நடந்த பேச்சால் மட்டும் என்று நினைத்தால் பிழை. பல நாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டியும், பயணப் புத்தகம் எழுத வைத்தும், தண்டப்பணத்தைக் கூட்டிச் சட்டத்தைத் திருத்தியும்தான் அந்தப் பேச்சுக்கு வாய் கிடைத்தது. படகு ஓட்டியே ஒழுங்காகப் புத்தகம் எழுதாவிட்டால் தூதுவருக்கு அங்கே சொல்ல என்ன இருக்கும்?

அமெரிக்காவின் கதை நேற்றைய கதை. 2025 ஏப்ரலில் நம் சரக்குக்கு 44 வீதத் தீர்வை என்றார்கள், ஜூலையில் 30 என்று கடிதம் வந்தது, பிறகு 20 ஆகியது. என் அண்ணன் மகள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல். விடிய ஐந்தரைக்குக் கம்பனி பஸ். அந்த நான்கு மாதமும் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சித்தப்பா, இண்டைக்கு எத்தின வீதம்?" ஓவர்டைம் கிடைக்குமா இல்லையா என்பது அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி என் கோரிக்கை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் வணிக, முகாமைத்துவ பீடம் உண்டு. இறுதி வருட ஆய்வென்று வாடிக்கையாளர் திருப்தியைப் பற்றியே எழுதி எழுதிக் களைத்துப்போன பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு சரக்கைக் கொடுங்கள். ஒருவருக்குக் களப்பு நண்டு, ஒருவருக்குக் கஜு, ஒருவருக்கு மருதமுனைச் சாரி, ஒருவருக்குச் சம்பா அரிசி. அதன் எண் என்ன, எந்த நாடு எவ்வளவு தீர்வை போடுகிறது, மூல விதிக்குள் நிற்குமா, எதிராளி அதை ஏன் காப்பாற்றப் பார்ப்பான் என்று எழுதட்டும். தீர்வை விபரங்களை ஜெனீவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் தரவுத்தளங்களில் வளர்முக நாட்டவர்கள் இலவசமாகப் பார்க்கலாம். உலக வர்த்தக அமைப்பின் இணையவழிப் பாடங்களும் இலவசம்; ஆனால் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில்தான். தமிழில் யாரும் நமக்குச் செய்து தரப்போவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும். அப்படி எழுதிப் பழகிய பத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு வந்தால், வணிகத் திணைக்களம் ஆள் எடுக்கும்போது கிழக்கிலிருந்தும் விண்ணப்பம் போகும். போகாத பிள்ளைகள் இங்கேயே ஏஜென்டாக இருந்தாலும் இன்வொய்ஸில் அந்த ஒரு வசனத்தை எழுதுவார்கள்.

வணிகத் திணைக்களத்துக்கு ஒன்று. எந்த நாட்டோடு பேசினாலும், விட்டுக்கொடுக்கும் பட்டியலை முடிவாக்குமுன், மாவட்டச் செயலகங்களுக்கு மூன்று மொழியிலும் அனுப்பி, எண்ணுக்கு நேரே பெயரையும் எழுதி, ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். எதிராளிக்குத் தெரியக்கூடாத இரகசியங்கள் இருக்கும். அவற்றை மூடி வைத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த மீன் என்ற பெயரை மூடி வைக்க வேண்டிய அவசியமில்லை.

கடைசியாக உங்களிடமும் ஒரு கேள்வி, ஆசிரியரே. 3, 8, 10, 52, 62 ஆகிய ஐந்து அத்தியாயங்களையும் என் கையால் தமிழில் எழுதி ஒரு மொனிட்டர் கொப்பியில் வைத்திருக்கிறேன். 3ஆம் அத்தியாயத்தில் சூரை எங்கே, இறால் எங்கே, நண்டு எங்கே என்று ஊர்ப் பெயர்களையும் போட்டிருக்கிறேன். பெரியகல்லாற்று மீன்காரர் இருவரும் என் மாணவரும் பிழை திருத்தித் தந்தார்கள். உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு அத்தியாயமாகப் போட முடியுமா? காசு வேண்டாம். முதல் வாரம் 3ஆம் அத்தியாயத்தைப் போடுங்கள். வாங்கி வாசிக்காதவர்கள் கையிலும் அடுத்த நாள் மீன் சுற்றிய கடதாசியாக அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.